ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம்: இலக்கு வைப்பதும் படித்ததைக் குறித்து வைப்பதும்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும். இரண்டு கையிலும் பை, பை நிறையப் புத்தகம். பொங்கல் கழிந்து, பிள்ளைகளின் தேர்வுக் காலம் வந்து, வெயில் ஏறத் தொடங்கும்போது அதே வீடுகளுக்குப் போனால் அந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேல் பிரிக்காமலே அலமாரியில் நிற்கும். படிக்க வேண்டும் என்ற ஆசை உண்மையானதுதான். அதை டிசம்பர் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சின்ன ஏற்பாடு தேவைப்படுகிறது. ஆண்டு வாசிப்பு இலக்கு அப்படி ஓர் ஏற்பாடு. முதல்முறையாக இலக்கு வைக்கப் போகிறவர்களுக்காக, பத்து ஆண்டுகளாக நான் செய்துவருவதில் நிஜமாகவே பயன்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

என் முதல் ஆண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது வைத்த இலக்கு 52. வாரத்துக்கு ஒன்று. ஜூன் முடியும்போது பதினான்கில் நின்றேன். அப்புறம் எண்ணிக்கையை எட்டிப்பிடிக்க மெல்லிய புத்தகங்களாகத் தேடி எடுக்க ஆரம்பித்தேன். நூறு பக்கத்துக்கு மேல் இருந்தால் கை நீளவில்லை. டிசம்பரில் 41 என்று கணக்கு முடிந்தது. பிப்ரவரியில் ஒரு நண்பர் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு நாவலைப் பற்றிக் கேட்டார். அட்டைப்படம் நினைவிருந்தது, கதை நினைவில்லை. அந்த ஆண்டுதான் முறையை மாற்றினேன். எண்ணைக் குறைத்தேன், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப்பக்கம் எழுதத் தொடங்கினேன். இந்தக் கட்டுரையின் சாரமே அந்த அரைப்பக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

எண்ணை முடிவு செய்வது

அடுத்தவர் இலக்கைப் பார்த்து உங்கள் எண்ணை வைக்காதீர்கள். உங்கள் வாரத்தைப் பார்த்து வையுங்கள். இதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். நீங்கள் வழக்கமாகப் படிக்கும் வகையில் ஒரு புத்தகத்தை எடுத்து, கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்து, அவசரப்படாமல் படியுங்கள். எத்தனை பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். இதை மூன்று நாள், வெவ்வேறு நேரத்தில் செய்து சராசரி எடுங்கள்.

பத்து நிமிடத்தில் ஏழு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 25 நிமிடம் படித்தால் சுமார் 17 பக்கம். வாரத்தில் ஐந்து நாள்தான் உட்கார முடியும் என்றால் 85 பக்கம். ஆண்டுக்கு 52 வாரம் என்று கணக்குப் போடாதீர்கள். காய்ச்சல், கல்யாணம், தேர்வு, தீபாவளி, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம் என்று எட்டு வாரம் எப்படியும் போய்விடும். 44 வாரத்துக்கு 85 பக்கம் என்றால் 3,740 பக்கம். 250 பக்கப் புத்தகமாகக் கணக்கிட்டால் பதினைந்து கூட முழுதாக வரவில்லை. இந்த இடத்தில் பன்னிரண்டு என்று இலக்கு வையுங்கள். மிச்சமிருக்கும் இடம் தடிமனான ஒரு புத்தகத்துக்கு, அல்லது மெதுவாகப் படிக்க வேண்டிய ஒன்றுக்கு.

பக்கக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் டெமி அளவிலோ கிரவுன் அளவிலோ வருகின்றன. கிரவுன் சிறியது, ஒரு பக்கத்தில் சொற்களும் குறைவு. ஆகவே கிரவுனில் முந்நூறு பக்கமும் டெமியில் முந்நூறு பக்கமும் ஒரே வேலை ஆகாது. கட்டுரை நூல்களுக்கும் பழைய உரைநடைக்கும் உங்கள் வேகம் பாதியாகக்கூடக் குறையலாம். அது குறையே இல்லை. அப்படிப்பட்ட புத்தகம் பட்டியலில் இருந்தால் மொத்த எண்ணில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

பள்ளிக்குப் பிறகு தமிழில் தொடர்ந்து படிக்காதவர்கள், முதல் ஆண்டில் ஆறு என்று வைத்தாலே போதும். மூன்றாவது புத்தகத்துக்குள் கண் பழகிவிடும்.

எதை ஒன்று என்று எண்ணுவது

இதை ஜனவரியிலேயே எழுதிவைத்துவிட்டால் நவம்பரில் மனம் குழம்பாது. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அது ஒன்றா, ஐந்தா? என் நோட்டில் ஐந்து. ஒலிப்புத்தகம் எண்ணலாமா? முழுதாகக் கேட்டிருந்தால் எண்ணுகிறேன். மறுவாசிப்பு? கட்டாயம் எண்ணுங்கள், இரண்டாம் முறை படிப்பது முதல் முறையைவிடப் பெரிய வேலை. குழந்தைக்கு வாசித்துக் காட்டிய படப்புத்தகங்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனிக் கணக்கு வையுங்கள். பின்னாளில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

சிறுகதைத் தொகுப்பையும் கவிதையையும் புத்தகக் கணக்கில் அடைத்தால் அவசரம் தொற்றிக்கொள்ளும். அவற்றுக்கு நாள் கணக்கு நல்லது. திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு குறள் என்றால் 1,330 நாள், மூன்றரை ஆண்டுக்கு மேல் இழுக்கும். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 133 நாள். ஜனவரி முதல் தேதி தொடங்கினால் மே மாத நடுவில் முடிந்துவிடும்.

பட்டியல் போடுவது

பன்னிரண்டு இடம் இருந்தால் எட்டை மட்டும் நிரப்புங்கள். நான்கைக் காலியாக விடுங்கள். ஆண்டு நடுவில் யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லி ஆசை காட்டுவார்கள், அதற்கு இடம் வேண்டும். எட்டில் குறைந்தது நான்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கும் புத்தகங்களாக இருக்கட்டும். ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு வாழ்க்கை வரலாறு, உங்கள் தொழிலுக்குத் தொடர்பே இல்லாத துறையில் ஒன்று என்று கலந்து வைத்தால், ஒன்றில் சலிப்பு வரும்போது இன்னொன்று கைகொடுக்கும்.

எல்லாவற்றையும் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றில்லை. பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். இரவல் புத்தகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி விழுந்துவிடுவதால், சொந்தப் புத்தகத்தைவிட அது சீக்கிரம் படித்து முடியும் என்பது என் அனுபவம். நூலகரிடம் பேசுங்கள். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தெடுத்த சீ.இரா.அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. எனவே கூச்சப்படாமல் கேளுங்கள். உதவுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. பழைய நூல்களுக்கு, 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. இலவசமாகவே படிக்கலாம்.

தினமும் உட்காருவது

நேரத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும், அல்லது காலையில் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் கிடைக்காது. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்க வேண்டுமென்றால் சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள்.

கையில் பென்சில் இருக்க வேண்டும். நான் மூன்றே குறிகள் போடுவேன். பிடித்த வரிக்கு ஓரத்தில் ஒரு கோடு, புரியாததற்குக் கேள்விக்குறி, ஒத்துக்கொள்ள முடியாததற்குப் பெருக்கல் குறி. அதற்கு மேல் குறிகள் வைத்தால் படிப்பு நின்று குறி போடுவதே வேலையாகிவிடும். நூலகப் புத்தகத்தில் கோடு போடவே கூடாது. பேருந்துச் சீட்டு அகலத்தில் தாள்களை நறுக்கி வைத்துக்கொண்டு, பக்க எண்ணையும் குறியையும் அதில் எழுதி நடுவில் சொருகிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஐம்பது பக்கம் தாண்டியும் மனம் ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்துங்கள். நான் கைவிட்ட ஒரு புத்தகத்துக்கு நேராக "அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்" என்று எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டு கழித்து அந்த வரியைப் பார்த்துத்தான் அதை மறுபடி எடுத்தேன். நல்ல புத்தகம். அப்போது என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

படித்து முடித்த பிறகு

1880ஆம் ஆண்டு, கும்பகோணம். கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் (உரிமையியல் நீதிபதி) சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசையாகச் சொல்கிறார். மலைக்க வைக்கும் பட்டியல். முதலியார் மலைக்கவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். இவற்றுக்கெல்லாம் மூத்த பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். சீவக சிந்தாமணி அந்தப் பேச்சில்தான் ஐயரிடம் வந்து சேர்ந்தது. ஏழு ஆண்டு உழைத்து, 1887இல் அதை அச்சில் கொண்டுவந்தார். ஐயர் தம் வாழ்க்கை வரலாறான என் சரித்திரத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

எண்ணிக்கையின் மேல் எனக்கு மயக்கம் வரும்போதெல்லாம் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்வேன். பட்டியலைச் சொன்னதும் யாராவது "சரி, அதில் உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டால் நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அரைப்பக்கக் குறிப்பு அந்தப் பதிலுக்கான பயிற்சி.

செய்முறை இதுதான். கடைசிப் பக்கம் முடிந்ததும் தலைப்பையும் தேதியையும் மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிடுங்கள். ஓர் இரவு கழியட்டும். அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்காமல் எழுதுங்கள். திறக்கக் கூடாது என்பது முக்கியம். மறதியைப் பற்றி முதலில் முறையாக ஆராய்ந்த ஜெர்மானியர் எபிங்ஹாஸ், தன்னையே சோதனைப் பொருளாக வைத்து அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவிவிடுவதை 1885இல் எழுதினார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நினைவைத் தோண்டி எடுக்கும் அந்தச் சிரமம்தான் புத்தகத்தை மனத்தில் ஊன்றவைக்கிறது. எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து பெயர்களையும் பக்க எண்களையும் சரிபாருங்கள். தப்பாக நினைவில் வைத்திருந்ததை அடிக்காமல், பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். நாம் எதை எப்படி மாற்றி நினைத்துக்கொண்டோம் என்பதும் ஒரு செய்தி.

என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். கதைச்சுருக்கம் எழுதாதீர்கள், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. நான் நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுவேன். கண்ணை மூடினால் எந்த இடம் முதலில் வருகிறது? எங்கே தடுமாறினேன், அல்லது எங்கே சண்டை போட்டேன்? படித்து முடித்ததும் எந்தக் கேள்வி மிச்சமிருக்கிறது? இதை யாருக்குக் கொடுப்பேன்? கடைசிக் கேள்விதான் பலருக்கு எளிதாகக் கை திறக்கும். ஓர் ஆளை மனத்தில் வைத்துக்கொண்டால் புத்தகத்தைப் பற்றிய நம் எண்ணம் தானே தெளிந்துவிடும்.

என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பைக் காட்டுகிறேன்:

"என் சரித்திரம். தொடங்கியது மார்ச் 3, முடித்தது ஜூலை 2. மொத்தம் 122 அத்தியாயம், நாளுக்கு ஒன்று. முதலில் வருவது: மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிற ஊராகப் பார்த்துத் தகப்பனார் குடும்பத்தோடு இடம் மாறியது. கையில் காசில்லாமல் அதைச் செய்திருக்கிறார். தடுமாறியது: மடத்துப் பெயர்கள், பிரபந்தப் பெயர்கள். ஆரம்பத்திலேயே தனித்தாளில் ஒரு பட்டியல் போட்டிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் கேள்வி: ஐயரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அத்தனை ஆயிரம் பாட்டுப் பாடியிருக்கிறார். மாணவர் எழுதி வைக்காவிட்டால் நமக்கு அவர் யார்? கொடுப்பது: தம்பி மகனுக்கு, கல்லூரியில் சேர்ந்த பிறகு. ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே 1942இல் ஐயர் போய்விட்டார். கடைசி அத்தியாயத்தை மூடியதும் அடுத்தது எங்கே என்று கை தேடியது."

இதில் விமர்சனம் எதுவும் இல்லை, மொழியழகும் இல்லை. யாருக்கும் காட்டுவதற்கு எழுதியதில்லை என்பதால் அது பரவாயில்லை. நட்சத்திரம் போடும் பழக்கத்தை மட்டும் நான் சேர்க்கவில்லை. ஐந்துக்கு நான்கு என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது போல் தோன்றும், அதற்கு மேல் யோசிக்கத் தோன்றாது.

குறிப்புக்குக் கீழே ஐந்து வரி காலியாக விடுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டி, வேறு நிற மையில் ஒரு வரி சேருங்கள். மேலே உள்ள குறிப்புக்குக் கீழே அக்டோபரில் நான் எழுதியது: "ஏடு தேடிப் போனதைவிட, காவிரிப் பக்கத்து ஊர்ப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப மனத்தில் வருகின்றன." புத்தகம் நமக்குள் என்ன செய்தது என்பது முடித்த மறுநாள் முழுதாகத் தெரிவதில்லை. அந்த இரண்டாவது மைக்காகத்தான் நான் நோட்டே வைத்திருக்கிறேன் என்று சொல்வேன்.

எழுதவே வராது என்கிறவர்கள் யாரிடமாவது பேசுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள், கேட்கிறவருக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க ஆசை வரும்படி சொல்லிப் பாருங்கள். பேசியதைக் கைப்பேசியில் ஒரு நிமிட ஒலிப்பதிவாக வைத்துக்கொண்டாலும் போதும்.

நோட்டா, செயலியா

குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப் போன்ற தளங்களில் ஆண்டு இலக்கைப் பதிந்து வைக்கும் வசதி இருக்கிறது. தொடங்கிய தேதி, முடித்த தேதி, பட்டியல் ஆகியவற்றுக்கு அவை நல்லவை. தமிழ்ப் புத்தகத்தைத் தேடும்போது தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள், இரண்டு விதமாகவும் ஏற்றியிருப்பார்கள். இலக்கில் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று திரை சொல்லும்போது மெல்லிய புத்தகத்தைத் தேடிக் கை போனால், அந்த எண்ணைப் பார்ப்பதைச் சில வாரம் நிறுத்திவையுங்கள். குறிப்புகளுக்கு மட்டும் கோடு போட்ட நோட்டு என்பது என் கட்சி. பழைய பக்கம் கண்ணில் தானாகப் படுவது நோட்டில்தான்.

ஜூலையிலும் டிசம்பரிலும்

ஜூலை முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னிரண்டில் நான்குதான் முடிந்திருக்கிறது என்றால் இலக்கை ஒன்பதாக்கிவிடலாம். மாற்றிய தேதியையும் காரணத்தையும் எழுதிவிட்டு மாற்றுங்கள். "புது வேலை, தினமும் இரண்டு மணி நேரப் பயணம்" என்று எழுதினால் அடுத்த ஆண்டுக் கணக்குக்கு அது உதவும். பயண நேரத்தில் ஒலிப்புத்தகம் கேட்கலாமே என்ற யோசனையும் அங்கேயே பிறக்கும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எந்தக் குறிப்பைப் படிக்கும்போது எழுதியதே நினைவில்லையோ அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எந்தக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டி வழிந்திருக்கிறதோ அதற்கு ஒரு வட்டம். பிறகு வட்டங்களை மட்டும் பாருங்கள். அவை ஒரே வகைப் புத்தகங்களாக இருக்கின்றனவா? பெண்கள் எழுதியது எத்தனை? வேறு மொழியிலிருந்து வந்தது எத்தனை? நான் ஒரு முறை இப்படிப் பார்த்தபோது, இலங்கைத் தமிழ் எழுத்தாளர் ஒருவர்கூட மூன்று ஆண்டுகளாக என் பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு எட்டில் இரண்டு இடத்தை அதற்கே வைத்தேன்.

புது நோட்டின் முதல் வரியில் மறுவாசிப்புக்கான ஒரு புத்தகத்தை எழுதுவது என் வழக்கம். வட்டம் போட்டவற்றிலிருந்துதான் எடுப்பேன். இந்த ஆண்டு அந்த வரியில் என் சரித்திரம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலுக்கான தாளை மடித்து, முதல் நாளே பின்னட்டைக்குள் வைத்துவிட்டேன்.